பூட்டிய வீட்டில் ஒரு குட்டி

ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஐப்பசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். தலைப்பிரசவத்துக்காகப் போடிநாயக்கனூரில் என் தாய்வீட்டுக்கு வந்தவள், குழந்தைக்குத் தலை நின்ற பிறகும் அங்கேயே இருந்தேன். அம்மாவின் சமையல் ஒரு காரணம். மாமியார் வீட்டுக்குத் திரும்ப எனக்கு அப்படியொன்றும் அவசரமில்லை என்பது இன்னொரு காரணம்.

ஏலக்காய் பறிப்புக் காலம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். தோட்டம் வைத்திருப்பவர்கள், வியாபாரம் பார்ப்பவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் மலை ஏறிவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் போயிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு போடிமெட்டுக்கு மேலே இருந்த தங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். சாவியை மூலைக்கடைக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். தெருவில் மிச்சம் இருந்தது பெண்களும் வயசாளிகளும் ஆடுகளும்தான்.

அன்றைக்கு மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது புகை வாடை வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"எவனாச்சும் பச்சைக் காயை உலர்த்துவான்டி" என்றாள் அம்மா, புளியை உருட்டிக்கொண்டே.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் புகைக்கு யாரும் தலை திருப்ப மாட்டார்கள். மழைக்காலத்தில் ஏலக்காயை அடுப்பு மூட்டித்தான் உலர்த்த வேண்டும். எங்காவது ஒரு கொட்டகை புகைந்துகொண்டேதான் இருக்கும். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓடு வெடிக்கிற சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், எதிர்வீட்டு ஓட்டுக்கு இடையில் எல்லாம் புகை கசிந்துகொண்டிருந்தது. வாசல் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

கூட்டம் கூடிவிட்டது. குடத்தோடு வந்தவர்கள் பாதிப் பேர். சும்மா வந்தவர்கள் பாதிப் பேர். ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பூட்டிய வீடு எப்படித் தீப்பிடிக்கும்? இடி விழுந்திருக்கும் என்றார் ஒருவர். இடி சத்தமே கேட்கவில்லையே என்றார் இன்னொருவர். சாமி விளக்கை அணைக்காமல் போயிருப்பார்கள் என்றாள் என் அம்மா. ஆவணியில் ஏற்றிய விளக்கு ஐப்பசி வரைக்குமா எரியும் என்று நான் கேட்டேன். தீ எரிந்துகொண்டிருக்க, நாங்கள் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். எனக்குப் பதற்றம் வந்தால் கை கால் ஓடாது, வாய் மட்டும் ஓடும். அன்றைக்குத் தெருவே அப்படித்தான் இருந்தது.

மூலைக்கடைக்காரர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். எந்தச் சாவி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒருவழியாகத் திறந்தார். கதவைத் தள்ளியதும் கரும்புகை அவர் முகத்தில் அடித்தது. முன்கட்டில் அடுக்கியிருந்த சாக்குகளும் விறகும் எரிந்துகொண்டிருந்தன. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினார். பதில் இல்லை.

"உள்ள யாரும் இல்ல. சாமான் போனாப் போகுது, பக்கத்து வீட்டுக்குப் பரவாமப் பாருங்க" என்றார். எல்லாரும் பக்கத்து வீட்டுக் கூரையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவள் வந்தாள். கிணற்றுப் பக்கமிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தவள், புகையைப் பார்த்ததும் செம்பை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். வெள்ளை ரவிக்கை, முண்டு. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதலில் வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அங்கே கூரைச் சாய்ப்பு எரிந்து சரிந்து பின்கதவை மறைத்திருந்தது. திரும்பி வந்து முன்வாசலில் பாயப் போனாள்.

"என்ட குட்டி! அகத்து என்ட குட்டி உண்டே!"

குட்டி என்றது எல்லாருக்கும் தெளிவாகக் காதில் விழுந்தது. என் அம்மாவும் இன்னும் மூன்று நான்கு பெண்களும் சேர்ந்து அவளைப் பிடித்துவிட்டார்கள்.

"ஆட்டுக்குட்டி போனாப் போகுது ஆத்தா! அதுக்காக நீ வெந்து சாகப் போறியா?" என்றாள் அம்மா.

அவள் திமிறினாள். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். எல்லாருக்கும் அவள் மேல் இரக்கம்தான். ஒரு வாயில்லா ஜீவனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறாளே என்று எனக்குக்கூட மனசு இளகிவிட்டது.

இதில் இன்னொரு குழப்பம் சேர்ந்தது. அந்த வீட்டுப் பின்பக்கம் எப்போதும் யாருடைய ஆடாவது படுத்திருக்கும். தீக்குப் பயந்து ஒரு குட்டி கத்திக்கொண்டு சந்து வழியாக ஓடி வந்தது. எங்கள் தெருக்கடைசியில் இருந்த வண்டிக்கார அண்ணன் அதைப் பாய்ந்து பிடித்தார். காளைக்குக் காய்ச்சல் என்று அந்த வாரம் மலைக்குப் போகாமல் இருந்தவர் அவர். குட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இந்தா ஆத்தா, உன் குட்டிக்கு ஒண்ணும் ஆகல. அழுகாத."

கூட்டத்தில் ஒரு நிம்மதி. யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். அவள் அந்தக் குட்டியைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் பைத்தியக்காரர்களா, இல்லை தனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்பது போல இருந்தது. குட்டியைக் கீழே போட்டுவிட்டு முன்னைவிடப் பெரிதாக அலறினாள்.

"இன்னும் ஒண்ணு உள்ள இருக்கும்போல" என்றார் கடைக்காரர்.

அந்த அலறலில் என் இடுப்பில் இருந்த குழந்தை பயந்து வீரிட்டு அழுதது. அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். என் குழந்தையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வெள்ளை ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து பரவியது. அது தண்ணீர் இல்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் நமக்கே தெரியாமல் பால் சுரந்துவிடும். அந்த மாதங்களில் எனக்கும் அதே பாடுதான்.

நான் வண்டிக்கார அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"ஆட்டுக்குட்டி இல்லண்ணே! புள்ள! உள்ள பச்சப்புள்ள இருக்கு! வெரசாப் போங்கண்ணே!" என்று கத்தினேன். என் வாய் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

வண்டிக்கார அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சுவரில் தொற்றி ஏறினார். தீ இன்னும் எட்டாத நடுக்கட்டுக் கூரையில் ஓட்டைப் பிய்த்து எறிந்தார். சட்டத்தைக் காலால் உதைத்து முறித்துவிட்டு உள்ளே குதித்தார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள்.  அந்தப் பெண் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிய்த்த ஓட்டுக்கு நடுவே சாக்குப்பொதி ஒன்று மேலே வந்தது. அதைப் பிடித்திருந்த கை வந்தது. அவர் இறங்கி வந்து சாக்கைப் பிரித்தபோது குழந்தையின் மூக்கு, வாய் எல்லாம் கரி. அழவில்லை. அவர் அதைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். இருமியது. அப்புறம் அழுதது. தெருவே சேர்ந்து அழுதது என்று சொன்னால் மிகையில்லை. அவள் சேற்றிலேயே உட்கார்ந்து குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் புருஷன் வந்தான். அவனுக்குத் தமிழ் தெரியும். மலையில் வேலை செய்கிறவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். திரும்பிப் போவதற்குள் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்க இடம் கேட்டால், புது ஆட்கள் என்று யாரும் கொடுக்கவில்லை. பின்கதவு திறந்து கிடந்த வீட்டில் புகுந்துகொண்டார்கள். அவன் மருந்து வாங்கப் போக, அவள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். நெருப்பே மூட்டவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். குளிருக்கு மூட்டியிருப்பார்கள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். வேறு யாரோ போட்ட பீடி என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று இரவு அவர்களை எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் கையைப் பார்த்தோம். மேல்கை முழுக்க விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தடவினாள். தடவும்போது குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"காப்பாத்துறோம்னு நெனச்சுல்லடி பிடிச்சேன்" என்றாள் என்னிடம்.

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, அம்மாவின் கண்ணைத் தன் முண்டு நுனியால் துடைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து அப்பா மலையிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "குட்டின்னா மலையாளத்துல புள்ளைனு அர்த்தம். இதுகூடத் தெரியாதா?" என்றார். மலை ஏறிப் போய்வருகிற ஆண்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. அவர்கள் யாரும் அன்றைக்குத் தெருவில் இல்லை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவள் எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத பாஷையைப் பேசியிருந்தால் சைகையிலாவது என்னவென்று கேட்டிருப்போம். அவள் சொன்னதில் ஒரு சொல் எங்கள் சொல்லாகவும் இருந்துவிட்டது. அதனால் யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. இப்போதும் யாராவது அழுதுகொண்டு ஏதாவது சொல்லும்போது, ஆறுதலாக அவர்கள் கையைப் பிடிக்கப் போவதற்கு முன்னால், நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் புரிந்ததா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.