சீம்பாலுக்கு ஒரு பரிசோதனை

ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பசு கன்று போட்டது. மறுநாளே சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து ஒரு டப்பா கொண்டுவந்தார். சீம்பாலை அவர் விற்க மாட்டார். கொடுத்தால் எங்கள் தெருவில் யாரும் வேண்டாமென்று சொல்வதுமில்லை. "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, மொத டப்பா உனக்குத்தான்" என்று என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஒரு துண்டை வெட்டிச் சுத்தமான பையில் போட்டுக்கொண்டேன். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, முடிவு வரும்வரை தொடாதே என்றேன். வேலூரில் ஒரு பால் பண்ணை ஆய்வகத்தில் எனக்கு வேலை. பன்னீர், வெண்ணெய், கோவா எல்லாவற்றிலும் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம். அவித்த பண்டத்திலும் பிறகு ஒட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி அது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், வயிற்றுப் பிள்ளையைச் சும்மா விடாது. முன்பெல்லாம் முடிவு தெரியப் பல நாளாகும். இப்போது சாம்பிளை ஓர் இரவு சத்துநீரில் வளரவிட்டு, காலையில் அதிலிருந்து மரபணுவைப் பிரித்து பிசிஆர் மெஷினில் வைத்தால் போதும். கிருமியின் மரபணு இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும்.

எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஏனென்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்களே, அந்தக் கதைதான். இந்த முறை தயிர், மோர், ஐஸ்கிரீம் எதையும் சோதிக்காமல் அவளிடம் தரவில்லை. "மெஷின் சாப்ட்டு மிச்சம் வச்சா எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்று கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன்.

மறுநாள் கோடு ஏறவேயில்லை. மனசு நிறைந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

"நேத்தே சாப்ட்டேன்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நாள் பொறுக்க முடியலியா? அப்படி இன்னா அவசரம்?"

"அவசரம் இல்லீங்க. அக்கா வந்து, எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டாங்க. மெஷின் இன்னும் சொல்லலக்கான்னு எப்படிச் சொல்றது?" வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நீங்க ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறப்பல்லாம், போன தபா நான்தான் எதையோ தின்னு புள்ளைய வுட்டுட்டேனோன்னு தோணுது."

அப்படி ஒரு நினைப்பு அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். அவளிடம் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. அவள் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள்.