பஞ்ச காலத்துச் சூப்பும் மச்சாளின் நண்டும்

சரித்திரம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொட்டாவிதான். அந்தச் சரித்திரம் நாற்பத்தொரு வயதில், மொன்றியலில், வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில், அதுவும் பிரெஞ்சில் வந்து என் கழுத்தைப் பிடித்தது. ஹைஸ்கூல் பத்திரம் இருந்தால்தான் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி வேலைக்குப் படிக்கலாம். பத்திரத்துக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பாடம். முதல் தடவை பெயில். இரண்டாம் தடவையும் பெயில் என்றால் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் சீவியம் முழுக்கப் பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

பாடம், இரண்டு உலகப் போருக்கும் இடைப்பட்ட காலம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கூத்தான காலம். பெண்கள் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள், பாவாடையையும் வெட்டினார்கள். அமெரிக்காவில் சாராயத்துக்குத் தடை போட, அங்கத்தைய ஆட்கள் ரயிலேறி மொன்றியலுக்கு வந்து குடித்து ஆடினார்கள். பிறகு பங்குச் சந்தை விழுந்தது. ஆடினவர்களோடு ஆடாதவர்களும் சேர்ந்து சூப்புக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் கியூபெக் பெண்களுக்கு மாகாணத் தேர்தலில் வோட்டு இல்லை என்று வாத்தியார் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கி, இலங்கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றிலேயே பெண்கள் வோட்டுப் போட்டார்கள் என்றேன். மனுசன் நம்பவில்லை. அடுத்த நாள் தேடிப் பார்த்துவிட்டு வந்து வகுப்புக்கு முன்னால் ஒத்துக்கொண்டார். அந்தத் தேர்தலை யாழ்ப்பாணத்தார் பகிஷ்கரித்த கதைக்கு நான் வாயே திறக்கவில்லை. எங்கட வீட்டுச் சண்டை அவருக்கு எதுக்கு?

கடைசிச் சோதனைக்கு, அந்தக் காலத்து வாழ்க்கையில் ஒன்றை வகுப்பில் செய்து காட்டி விளக்க வேண்டும். சித்தியடைய அறுபது புள்ளி. நான் சூப்பு வரிசையை எடுத்தேன். வகுப்பை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு அரைக் கோப்பை தண்ணிச் சூப்பும் ஒரு துண்டுப் பாணும் கொடுத்து, பசி எப்படி என்று காட்டுவது திட்டம். காலையில் எனக்கு வேலை. அதனால் சூப்பை மச்சாளிடம் சொன்னேன். மச்சாள் என் மனுசனின் அக்கா. எங்கள் மாதா கோயில் பெருநாளுக்கு ஊருக்கே சமைக்கிறவ.

"மச்சாள், கோவா இலை, வெங்காயம், தண்ணி, உப்பு. வேறொண்டும் வேண்டாம். ருசியா இருக்கக்கூடாது."

"ஓம், ஓம்" என்றா. அந்த இரண்டாவது ஓமிலேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், உருட்டு வண்டிலில் பெரிய பானையை ஏற்றிக்கொண்டு மச்சாளே வகுப்புக்கு வந்துவிட்டா. மூடியைத் திறந்தேன். ஐயோ மாதாவே! பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ். நண்டுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒன்றையும் விடவில்லை.

"மச்சாள், பஞ்ச காலத்துச் சூப்பெல்லோ கேட்டனான்!"

"அதுதானே இறைச்சி போடேல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஒறுத்தல் நாள்" என்றா, நான்தான் ஏதோ பாவம் செய்ததுபோல. "அதோட, பிறத்தி ஆக்களுக்குப் பச்சைத் தண்ணியை ஊத்தி எங்கட மானத்தை வாங்கப் பாக்கிறீரே?"

வேறு வழி? வரிசையை நிறுத்தினேன். நான் முன்னுக்கு நின்று, பாடமாக்கிய பிரெஞ்சில், "மக்கள் பசியால் வாடினார்கள்" என்கிறேன். எனக்குப் பின்னால் மச்சாள் அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றுறா. அவவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கத்துக்குப் பொஞ்சூர், நன்றிக்கு மெர்சி, இன்னும் வேணுமோ என்று கேட்க ஓங்க்கோர், இந்த மூன்றும்தான். அது போதாதோ? "ஓங்க்கோர்! ஓங்க்கோர்!" ஹெய்ட்டிக்காரர் ஒருவர் மூன்றாம் தடவை வரிசைக்கு வந்து நண்டுக் கால் கேட்டார். உறைப்பில் வாத்தியாருக்கு மூக்கால் ஓடுகிறது, கோப்பையை விடுகிறாரில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பானையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

கடைசியில் வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் சுவரில் ஒட்டியிருந்த சூப்பு வரிசையின் பழைய படத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்த வரிசையில் நிற்கிறவர்கள் ஏன் முகத்தை மறைக்கிறார்கள்?"

நான் பாடமாக்கியதில் அது இல்லை. பெட்டி ஒட்டுகிற பசையின் மணம் மூக்குக்குள் வந்துவிட்டது. பிறகு எப்படியோ எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். நாங்கள் வந்த முதல் பனிக்காலம், மனுசனுக்கு வேலை இல்லை. எங்கட ஆட்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத கோயிலாகத் தேடி, மெட்ரோவில் கனதூரம் போய், சாப்பாட்டுப் பொதிக்கு வரிசையில் நின்றேன். சால்வையைக் கண் வரைக்கும் இழுத்து மூடி, இப்படி, என்று செய்தும் காட்டினேன்.

"என்ன சொல்லுறீர்?" என்று மச்சாள் தமிழில் கேட்டா.

"ஒண்டுமில்லை, முப்பதாம் ஆண்டுக் கதை."

வாத்தியார் அந்த இடத்திலேயே புள்ளித் தாளைத் தந்தார். அறுபத்திரண்டு. சூப்புக்கு இருந்த பத்துப் புள்ளியில் பூச்சியம். பக்கத்தில், "சரித்திரப் பிழை, ஆனால் சமையல் செய்முறை வேண்டும்" என்று எழுதியிருந்தார். பாஸ்! மெட்ரோவில் ஏறின பிறகு எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது.

"உங்கட நண்டு என்னைக் கொல்லப் பாத்தது, மச்சாள். இன்னும் மூண்டு புள்ளி போயிருந்தா நான் பெயில்!"

மச்சாள் வெறும் பானையை மடியில் வைத்து மூடியை இறுக்கினா.

"நீர் சால்வையால மூடிக் காட்டினீரெல்லோ" என்றா. "அது பச்சைச் சால்வை."

அந்தச் சால்வையின் நிறத்தை நான் வகுப்பில் சொல்லவில்லை.

"அண்டைக்கு அந்த வரிசையில நான் உமக்குப் பின்னால நாலாவது ஆள். எனக்கும் எங்கட ஆக்கள் வராத கோயில்தானே வேணும்."

"ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டிருந்தா நீர் வரிசையை விட்டிட்டு ஓடியிருப்பீர். கைப்பிள்ளைக்காரி, பொதி இல்லாமப் போகேலுமே?"

"அப்ப நீங்கள்?"

"நீர் திரும்பிப் பாக்க முன்னம் நான் ஓடினனான்" என்றா.