எதிர் பிளாக்கில் ஒரு வீடு

துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர் என்பதால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். ஓய்வு பெற்றதும் நகரம் முடிகிற இடத்திலிருந்த இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மனைவியோடு வந்து சேர்ந்தார். எல்லா பிளாக்குகளும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. "குடிச்சுட்டு வர்றவன் எவனும் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர மாட்டான்" என்று வந்த புதிதில் சிரித்தவர் அவர்தான்.

பிறகு மறதி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி, அப்புறம் மகளின் பெயர். ஒருநாள் பால் வாங்கப் போனவர், எதிர் பிளாக்கில் மூன்று மாடி ஏறி, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது ஒரு தையல்காரியின் வீடு. அவள் பதறவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. பயப்படாதீங்க."

அதுவே வாடிக்கையாகிவிட்டது. தினமும் அங்கே போவார். தையல் மெஷின் சத்தத்தில் கண்ணயர்வார். சாயங்காலம் மனைவி போய்க் கூட்டிவருவாள். ஒருநாள் அவளைக் கண்டதும் அவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. யாரைப் பார்க்கணும்?"

"உங்களைத்தான்."

"சந்தோஷம். ஆனா பொழுது சாஞ்சிருச்சே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டாள். மனைவி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சில மாதங்களில் தையல்காரியின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். புதிதாக வந்தவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். இவர் போய் அந்தக் கதவை உடைக்காத குறையாகத் தட்ட, காவலாளி கையைப் பிடித்து இழுத்துவந்து விட்டுப்போனான்.

மகள் போனில் கேட்டாள். "டாக்டர் என்னம்மா சொல்றார்?"

"இனிமே இப்படித்தானாம்."



இப்போது கதவுக்கு உள்பக்கம் பூட்டு. சாவி மனைவியின் இடுப்பில். சாயங்காலமானால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்பார். அவர் கோபப்பட்டுக் கத்தினாலாவது தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

"தாயே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கதவைத் திறந்துவிடுங்க. வீட்ல என் பொண்டாட்டி தனியா இருப்பா. நான் போகாம சாப்பிட மாட்டா."

"அவங்க சாப்பிட்டாங்களாம். சொல்லி அனுப்பினாங்க. நீங்க வந்து சாப்பிடுங்க."

"அவளாவது, நான் இல்லாம சாப்பிடுறதாவது!"

அவர் பூட்டைத் திருகிக்கொண்டே நின்றார். போட்டு வைத்த இரண்டு தட்டுச் சோறும் ஆறிக்கொண்டிருந்தது.