சித்தேரி மலை வளைவில் இரண்டு கோடு டவர்

மார்ச் கடைசியில் சித்தேரி மலைக்குப் போனதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. இரண்டு நாள் விடுப்பு, நடக்க ஆசை. அந்த மாதத்தில் போயிருக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தருமபுரியில் காலை ஆறரைக்கு அரூர் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அரூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரை மணி மலை பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். (கூட்டமில்லை, ஜன்னலோரம் கிடைத்தது.) பாதி மலையில் ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். மேலே சரிவு முழுக்கப் புகை.

சாலையோரம் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் மாதம்மாள், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் தற்காலிகப் பணியாளர்.

“யாருக்காச்சும் டவர் இருக்குதுங்களா?”

என் போனில் மட்டும் இரண்டு கோடு இருந்தது. இறங்கி ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அவர் போனில் செய்திகள் வந்து விழுந்தன. செயற்கைக்கோள் காட்டிய தீப்புள்ளிகள் வரைபடத்தில் சிவப்பாக இருந்தன, ஆனால் அவை விடியற்காலை நிலவரம். அந்தப் புள்ளிகளை நம்பித்தான் தீயணைக்க ஆறு பேர் கிழக்குச் சரிவில் ஏறியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாதம்மாளின் தம்பி சென்றாயன். அடிவாரத்திலிருந்து டிரோன் விட்டவர்கள் சற்றுமுன் அனுப்பிய படத்தில் தீ கிழக்கே திரும்பியிருந்தது.

“ஓடைப் பக்கமா இறங்கிருடா” என்று தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பினார். ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினார். ஒற்றை டிக். அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

“சார், இந்தப் போன வெச்சுக்கிட்டு இங்கியே நில்லுங்க. எதுனா வந்தா கத்துங்க. நான் போயி கூட்டிட்டு வர்றேன்” என்று என் கையில் திணித்துவிட்டு ஏறினார்.

பஸ் திரும்பிப் போய்விட்டது. மேலே மூங்கில் வெடிக்கும் சத்தம். ஐம்பது நிமிடம் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு உதவாக்கரையாக என்னை நான் என்றும் உணர்ந்ததில்லை.

மாதம்மாளும் அந்த ஆறு பேரும் ஓடை வழியே வந்தார்கள். சென்றாயனைப் போர்வையில் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்து, செருப்பு தோலோடு ஒட்டியிருந்தது. தக்காளி ஏற்றப் போன பிக்கப் ஒன்றை மறித்து அவரைக் கிடத்தினோம். அவர் சட்டைப்பையில் போன் விடாமல் ஒலித்தது. அவர் சிம்மும் என் கம்பெனிதான் போலிருக்கிறது. வளைவுக்கு வந்ததும் அக்கா அனுப்பியவை எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன.

“யாருக்கா கூப்புடறது?” என்று அக்காவிடம் கேட்டார் சென்றாயன்.

“நான்தான் சாமி” என்றார் மாதம்மாள்.

பிப்ரவரி முதல் மே வரை இந்த மலையில் நடைப்பயணம் வேண்டாம். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டு கம்பெனி சிம் வைத்திருங்கள், வரைபடத்தைக் கீழே இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அடுப்பு மூட்டாதீர்கள். திரையில் தெரியும் தீ சில மணி நேரத்துக்கு முந்தையது என்பதை மறக்காதீர்கள்.

ஜூனில் மாதம்மாளிடம் பேசினேன். தம்பிக்கு இரண்டு கால்விரல் போய்விட்டது, கோலூன்றித்தான் நடக்கிறாராம். அடுத்த கோடைக்கு அவர் இடத்தில் யார் ஏறுவார்கள் என்று கேட்டேன்.

“நான்தாங்க ஏறணும்.”

கீழே நின்று போனைப் பார்க்கப் போவது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.