கனடாவுக்குப் பூச்சியம்

வெள்ளி, மாலை 3.40. திருச்சியிலிருந்து கிளம்பி இருபத்தாறு மணி நேரம் கழித்து டொரொன்டோவில் இறங்கினேன். கல்லூரித் தோழி வசந்தியின் கணவர் சிவா காருடன் காத்திருந்தார். மார்க்கம் என்ற புறநகரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு டாலருக்கு ஒரு காப்பி வாங்கித் தந்தார். காப்பி என்று சொல்ல மனம் வரவில்லை, சூடாக இருந்தது.

நான் வந்தது அவர்கள் மகள் அபியின் பாட்டைக் கேட்க. ஏழு நாட்டுத் தமிழர்கள் கலந்துகொள்ளும் போட்டி. நாட்டுக்கு ஒருவர், சொந்தமாக எழுதிய பாட்டு. கனடாவின் தேர்வில் பத்துப் பேரை முந்தியவள் அபி.

“போட்டியில வெண்டா ஒரு வருசம் பாட்டோட இருக்கட்டும். இல்லாட்டி செப்டம்பரில நேர்சிங். அவளுக்குச் சொல்லிப்போட்டன்,” என்றார் சிவா.

“ஜெயிச்சிடுவாளா?”

“உதென்ன கேள்வி, கலா? உலகம் முழுக்க எங்கட சொந்தக்காரர்தானே!”

சனி, மாலை 5.00. ஸ்காபரோவில் ஒரு மண்டபம், நுழைவுச் சீட்டு நாற்பது டாலர். ஐந்து மணி நிகழ்ச்சிக்குத் திரை விலகியபோது ஆறே முக்கால். அடடே, நம்ம ஊர்தான் என்று எனக்குத் தெம்பு வந்தது. தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்பது விதி. மற்ற நாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்து, தொலைபேசியில் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் அட்டை.

அம்மா விடியற்காலைப் பனியில் பஸ்ஸுக்கு நின்று தொழிற்சாலைக்குப் போன நாட்களை அபி பாடினாள். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து டென்மார்க் பெண். இரண்டாவது அடியை மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐயோ பாவம்! அவளுக்குக் கைதட்ட நாலு பேர்கூட இல்லை. அபிக்குத்தான் ஊரே இருக்கிறதே, என் ஒரு வாக்கு எதற்கு? அட்டையில் ‘டென்மார்க்’ என்று எழுதிப் போட்டேன். நல்ல காரியம் செய்த பெருமை வேறு.

மணி எட்டரை. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த முதல் மூன்று பாட்டுகளைச் சொன்னது. லண்டன் சொன்னது, பாரிஸ் சொன்னது, ஒஸ்லோ சொன்னது. எல்லாவற்றிலும் டென்மார்க். எதிலும் கனடா இல்லை. கடைசியாக மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். வசந்தி என் கையை இறுகப் பிடித்தாள்.

“உதில ஒண்டு நிச்சயம். நீ இருக்கிறாய்.”

“கனடா, பூச்சியம்,” என்றார் அறிவிப்பாளர்.

தூக்கிவாரிப் போட்டது. வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் பாரிஸிலிருந்து வசந்தியின் தங்கை அழைத்தாள். காரின் ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. “அக்கா, கோவிக்காதை. கனடாவில இவ்வளவு சனம், உங்களுக்கு எப்பிடியும் விழும் எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளை பாவம் எண்டு அவளுக்குப் போட்டிட்டன்.” அடுத்து அழைத்த வசந்தியின் லண்டன் சித்தப்பாவும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். இப்படியும் நடக்குமா? ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே, சொந்தமெல்லாம் சேர்ந்து பிள்ளையைக் கவிழ்த்திருக்கிறோம்!

“எல்லாரும் நான் வெல்லுவன் எண்டு ஷுவரா இருந்திருக்கினம், அன்ரி,” என்று அபி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

திங்கள், காலை 10.00. விமான நிலையத்துக்குச் சிவாவே கொண்டுவந்து விட்டார். வசந்தி வரவில்லை, தலையிடி என்றாள். திருச்சியில் தேர்தல் நாளில் ‘அவர் எப்படியும் ஜெயிச்சிடுவார்’ என்று வீட்டில் படுத்துக்கொள்பவர்களை வாய்கிழியத் திட்டுகிறவள் நான். மனம் கேட்காமல், இறங்கும்போது சொன்னேன்.

“சிவா, அந்த ஒரு வருஷத்தை அவளுக்குக் கொடுங்களேன். அவ்வளவு நல்லாப் பாடினா.”

பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார்.

“அதை நீங்கள் சனிக்கிழமை அட்டையில எழுதியிருக்கலாம், கலா.”