புரட்டிய கல்

செசிலி மாமிக்கு அறுபத்திரண்டு வயது. எங்கள் கரையில் கடல் வற்றும் நேரத்தைக் கைபேசி பார்க்காமல் சொல்கிற ஆள் அவர்தான். கணவர் சிலுவை முதுகு ஒடிந்து கட்டிலோடு கிடக்கத் தொடங்கிய பிறகு, படகுகள் போகாத தடைக்காலத்தில் அந்த வீட்டுக்குப் பாறைக்குழி நத்தைதான் கறி. அவித்து, ஊசியால் சதையை இழுத்து, தேங்காயும் நல்லமிளகும் அரைத்து வைப்பார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். அதைத் தின்று வளர்ந்தவன் நான்.

மாமிக்கு ஒரே ஒரு பிடிவாதம். கல்லைப் புரட்டினால், நத்தையை எடுத்த கையோடு பழையபடி கவிழ்த்து வைக்க வேண்டும். நத்தை முட்டையிடுவது கல்லின் அடியில்தான். பெரிய நத்தைக்காவது மூடி இருக்கிறது. கடல் வற்றினால் உள்ளே கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு சாத்திவிடும். முட்டைக்கு என்ன இருக்கிறது? ஒரு வெயில் போதும்.

இப்போது எனக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர் வேலை. போன ஏப்ரலில் மாணவர்களை எங்கள் கரைக்கே கூட்டி வந்தார்கள். இது என் ஊர் என்று நான் சொல்லவில்லை. நத்தை பொறுக்கித் தின்ற வீடு என்று தெரிந்தால் பேராசிரியை நந்தனா முன்னால் மதிப்புப் போய்விடுமாம். எவ்வளவு கேவலமான நினைப்பு! பிள்ளைகள் கல் கல்லாகப் புரட்டி, படம் எடுத்து, அப்படியே போட்டுவிட்டு நடந்தார்கள். கவிழ்த்து வையுங்கள் என்று சொல்லாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மனசு கேட்காமல் ஞாயிறு பூசை முடிந்ததும் பாறைக்குப் போனேன். மல்லாந்து கிடந்த கற்களில் முட்டைகள் வெள்ளைப் பொட்டுகளாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. மாமி குனிந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மாமி இப்பிடி செஞ்சது?" என்று நானே கேட்டேன். வெட்கம் கெட்டவன்.

"காலேஜ் பிள்ளைகளாம், மக்கா பெனிட்டோ. அடுத்த வருசத் தடைக்காலத்துக்குப் பொறுக்க ஒண்ணும் இருக்காது. அதுகளைச் சொல்லி என்ன? அதுகளுக்குத் தெரியாதுல்லா. நம்ம கரைக்காரன் ஒருத்தன் கூட நிண்ணிருந்தா, விட்டிருப்பானா?"

நான் கால்சட்டையை மடித்துவிட்டு, அவர் முகம் தெரியாத குழியாகப் பார்த்துக் கல் கவிழ்க்க இறங்கினேன்.