தொண்ணூறு கிலோ நோயாளி

பராமரிப்பு உதவியாளர் வகுப்பில் பதினான்கு பெண்கள். ஆண் நான் ஒருவன்தான். அப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்டு மாறிக்கொண்டே இருந்ததில், மகளை அவள் விழித்திருக்கும் நேரத்தில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. சான்றிதழ் இருந்தால் கிள்ளானிலேயே, வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லங்களில் பகல் வேலை கிடைக்கும் என்றாள் மனைவி. அப்படித்தான் சனிக்கிழமைதோறும் ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த இந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

பாடம் நடத்திய சிஸ்டர் ஓய்வுபெற்ற தாதி. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து, எத்தனை கிலோ என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். வகுப்பில் நோயாளிக்குப் பதிலாக இருந்த பொம்மை பத்துக் கிலோகூடத் தேறாது. புரட்டிப் பழக இந்த உடம்புதான் சரி என்று கட்டிலைக் காட்டினார். ஏறிப் படுத்தேன். அதன்பின் ஆறு மாதம் இறங்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நோயாளியாக இருப்பதும் லேசில்லை. என்னைப் புரட்ட அந்தப் பெண்கள் திணறுவதைப் பார்த்து இரக்கப்பட்டு இடுப்பைத் தூக்கிக் கொடுத்தேன். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன நோயாளி நான், உதவி பண்ணக்கூடாது என்று சிஸ்டர் கண்டித்தார். காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, கொஞ்சம் செத்த மாதிரி கிடங்க லா."

ஒரு சனிக்கிழமை இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தேன். தலையணை வைத்து நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைப்பது அன்றைய பாடம். நான்காவது தலையணைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது வகுப்பே சாப்பிடப் போயிருந்தது. முகம் துடைத்து, நடு வகிடு எடுத்துத் தலை வாரி, மணிக்கட்டில் நோயாளி விவரம் எழுதிய ஒரு பட்டையும் கட்டிவிட்டிருந்தார்கள். அதைக் கவனிக்காமலே மாலை ரயிலேறினேன். ஓர் இளம்பெண் பட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து இடம் கொடுத்தாள். வீட்டில் மகள்தான் அதை வாசித்தாள்.

"அப்பா, நீங்க எண்பத்திரண்டு வயசு லேடியா? கீழ விழுந்துடுவாங்கன்னு வேற போட்டிருக்கு."

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி கோப்போடு நின்றிருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போனேன், செருப்பைக் கழற்றினேன், கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டேன். வேலை செய்ய வந்தீர்களா, படுக்க வந்தீர்களா என்று அதிகாரி கேட்டபோதுதான் உறைத்தது. பதறி எழுந்தேன், நாசி லெமாக் அக்கா நோயாளியாகப் படுத்தார். முகமும் கைகளும் துடைத்து, அவர் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற வேண்டும்.

இதில் எதையுமே நான் நின்றபடி செய்ததில்லை. செய்ய வேண்டிய வரிசையே மறந்துபோனது. ஆனால் படுத்திருப்பவருக்கு எது பிடிக்காது என்பது எனக்கு அத்துப்படி. தண்ணீரின் சூட்டை என் கையில் விட்டுப் பார்த்தேன். ஈரத்துணி படுமுன் சொன்னேன். எந்தப் பக்கம் புரட்டப்போகிறேன் என்பதையும் சொன்னேன். விரிப்பை முதுகுக்கடியில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். அதிகாரி அதைத் தடவிப் பார்த்து, யார் கற்றுக்கொடுத்தது என்றார்.

"ஆறு மாசமா அந்தச் சுருக்கமெல்லாம் என் முதுகுலதான் சார் இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. நோயாளியை மறைக்கக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட மறந்ததற்கு மதிப்பெண் குறைத்தார். ஆனாலும் தேறிவிட்டேன்.

இப்போது கிள்ளானில் பகல் வேலை. சேர்ந்த வாரம் என் அளவுக்கு அங்கிருந்த ஒரே சீருடை ரோஸ் நிறம், பாக்கெட்டில் பூனைப் படம். அதைப் போட்டுக்கொண்டே மகளை வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போனேன். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள். நான் விடவில்லை, பள்ளி வாசல்வரை போனேன்.